மஞ்சளில் முக்கின வேட்டிகள்

தம்பி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேரனின் காய்ச்சலை இரண்டே வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கமெல்லாம் உங்கள் தொழிற்சாலை வசூலைப் பற்றியே எழுதியிருக்கிறாய். வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கும், படகில் வந்து கரை இறங்கிய அகதிகளுக்கும் துணிமணி சேர்க்கிறீர்கள். அதற்கு உன்னைத் தலைவனாகப் போட்டிருக்கிறார்கள். கேட் பக்கத்தில் பெரிய பெட்டி வைத்தாயிற்று. மாதக் கடைசியில் கேண்டீனில் கூட்டம் போட்டு, அந்த மக்களை வரவழைத்து வரிசையாக நிற்க வைத்து, மேனேஜர் கையால் ஆளுக்கொரு மூட்டை கொடுத்துப் படம் எடுக்கப் போகிறீர்கள். அம்மாவிடம் பழைய சேலை இருந்தால் கட்டி வைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வாய். எல்லாம் புரிந்தது. படித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுங்கை பட்டாணியில் சொந்த வீடு, கார் என்று ஆனபின் நீ அக்கம்பக்கம் பார்க்காத ஆளாக மாறிவிடுவாயோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அது போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரிக்கு உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினேன், அவள் கேட்காமலே.

அப்புறம் அலமாரியைத் திறந்து முன்னால் உட்கார்ந்தேன். ஒரு சேலையைக்கூட வெளியே எடுத்து வைக்கக் கை வரவில்லை. கிழவிக்குக் கஞ்சத்தனம் வந்துவிட்டது என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரிக்காதே. நீ நிற்க வைக்கப் போகிறாயே ஒரு வரிசை, அதில் ஒரு காலத்தில் நானும் நின்றேன். இது உனக்குத் தெரியாது. ஜப்பான் காலத்தில் அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனதும், நான் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்ததும் உனக்குத் தெரியும். தட்டில் சோற்றை மிச்சம் வைக்கும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் உன்னைத் திட்டியிருக்கிறேன். சோற்றுக் கதையைச் சொன்ன நான் துணிக் கதையைச் சொன்னதில்லை. வளர்ந்த பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது எனக்கு வயதாகிவிட்டது, வெட்கமும் குறைந்துவிட்டது. நீயும் வசூல் தலைவனாகிவிட்டாய். அதனால் அவசரப்படாமல், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுப் படி.

எனக்கும் உன் அப்பாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், கூலிக்காரர் லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். ஒருநாள் காலைப் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். வழக்கமாகப் பேர் கூப்பிட்டதும் பால் வெட்டப் போய்விடலாம். அன்று பேர் வந்த ஆண்களையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி, அங்கேயே லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், கொஞ்ச மாதத்தில் திரும்பிவிடலாமாம், எங்களை வேலை வாங்கும் தண்டல் சொன்னார். லாரி புறப்படும்போது உன் அப்பா தலையை நீட்டி, "கோழிய வித்துடாத புள்ள, நான் வந்துருவேன்!" என்று கத்தினார். கட்டிய பெண்டாட்டியிடம் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போக வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா இந்த மனுசனுக்கு? அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது. அந்தக் கோபம்தான் என்னை அழவிடாமல் நிமிர்ந்து நிற்க வைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஆண்கள் போன பிறகு அந்தத் தோட்டத்தில் எங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. ரப்பர் வாங்க ஆளில்லை, வெட்டு நின்றுவிட்டது. வேலைக்கு ஆள் இல்லாத வீட்டுக்கு அரிசியும் இல்லை, வீடும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். புருசனைச் சயாமுக்குக் கொடுத்த பெண்கள் நாங்கள் சில பேர் ஒன்றாகச் சேர்ந்து தார்ச் சடக்கோரமாக நடந்தோம். பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் மரவள்ளி நடுவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். வழியில் வந்த கம்பங்களில், அதாவது மலாய்க்காரர் ஊர்களில், கிழங்குக்கும் உப்புக்கும் எங்கள் சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். கோழிதான் முதலில் போயிற்று, அதை உன் அப்பாவிடம் நீயாகச் சொல்லிவிடாதே. தாலியில் இருந்த பொட்டுத் தங்கம் காய்ச்சல் மருந்துக்குப் போனது. அதன் இடத்தில் ஒரு மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது உடம்பில் இருந்த சேலையும் மழையிலும் முள்ளிலும் கிழிந்து கந்தலாகியிருந்தது. துணி என்பது பணம் இருந்தாலும் கிடைக்காத காலம் அது. அந்தத் தோட்டத்து மனிதர்கள் எங்களை விரட்டவில்லை. ரப்பர் ஷீட்டைக் காயப்போடும் புகைக்கூடம் வேலையில்லாமல் சும்மா கிடந்தது. அதைத் திறந்துவிட்டார்கள். ஷீட் தொங்கப்போடும் மூங்கில் கழிகளுக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்தோம். புகை நாற்றம் தலைமுடியில் ஏறி அங்கேயே தங்கிவிட்டது.

இப்போது வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் எல்லாருக்கும் சேர்த்து முழுசாக ஒரே ஒரு சேலை இருந்தது. செல்லாயி அக்காவுடையது. எங்களில் மூத்தவர் அவர்தான். இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர், புருசனும் என் புருசன் போன அதே லாரியில் போனவர். தண்ணீருக்குப் போகிறவள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போவாள். அவள் வந்ததும் அவிழ்த்து அடுத்தவளுக்குக் கொடுப்பாள். மற்றவர்கள் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்ட சாக்கை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தி உள்ளே இருப்போம். சாக்கு முழங்காலைக்கூட மூடாது. இந்த நிலைமையில்தான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து கதவுக்கு வெளியே நின்றபடியே ஒரு சேதி சொன்னார். ஜப்பான்காரத் துரை திங்கட்கிழமை காலைப் பெரட்டுக்கு வருகிறார். பெரட்டில் வந்து நிற்கிறவர்களுக்குத்தான் பேர் பதிவு, கிழங்கு, அரிசி. நிற்காதவர்கள் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். ஒரே சேலையை மாற்றி மாற்றிக் கட்டித் தண்ணீர் எடுக்கலாம், பெரட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டுமே. சாக்கோடு அத்தனை ஆண்களுக்கு முன்னால் போய் நிற்பதற்குப் பதில் மறுபடி சடக்கில் நடந்து சாவோம் என்று செல்லாயி அக்கா சொன்னார்.

அந்தத் தோட்டத்து ஸ்டோரில் மண்டோராக இருந்தவர் வீராசாமி அண்ணன். பால் உறைய வைக்கும் தொட்டி, உருளை மிஷின், புகைக்கூடம் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. பெரிய மனசு, அதைவிடப் பெரிய குரல். பேச ஆரம்பித்தால் பால் சுமக்கும் காண்டா வாளியின் மேல் ஏறி நின்றுகொண்டுதான் பேசுவார். கிராணி சொன்னது அவர் காதுக்குப் போனதும், அன்றே வேலை முடிந்து நின்ற ஆண்களைக் கூட்டி, "சயாமுக்குப் போனவன் நம்ம சனம். அவன் பொண்டாட்டி மானத்த நாம காப்பாத்தலன்னா நாம என்னலா மனுசன்?" என்று கேட்டிருக்கிறார். முதல் ஆளாகத் தன் தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த கல்யாண வேட்டியை எடுத்துக் கூடையில் போட்டாராம். பிறகு கூடையோடு லயம் லயமாகப் போனார். எல்லார் வீட்டிலும் கட்டுவது கந்தல்தான், ஆனால் சில ஆண்களிடம் மட்டும் பெட்டிக்கடியில் ஒரு வேட்டி இருக்கும். கோயில் திருவிழாவுக்கென்று, மகள் கல்யாணத்துக்கென்று, ஒருவேளை தன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டிப் போர்த்துவதற்கென்று எடுத்து வைத்தது. அதைத்தான் கொடுத்தார்கள். அதன் அருமை எனக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். இதை மறந்துவிடாமல் அடுத்ததைப் படி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே திரண்டு புகைக்கூடத்து வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் சார்பில் செல்லாயி அக்கா அந்த ஒரே சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். நாங்கள் உள்ளே இருட்டில் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீராசாமி அண்ணன் நல்ல மனசோடு நாலு வார்த்தை பேசினார். இரண்டு வேட்டியை இணைத்தால் ஒரு சேலை ஆகும் என்று கணக்குச் சொன்னார். பிறகு கூடையிலிருந்து வேட்டி ஒன்றை எடுத்து உதறிப் பிரித்து, ஓட்டை இல்லாத துணி என்று எல்லாருக்கும் காட்டி, இரண்டு கையிலும் ஏந்தி, மரியாதையாக, செல்லாயி அக்காவின் தோளில் போட்டார்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும்தானே? உன் மாமா செத்தபோது நீ பார்த்திருக்கிறாய். புருசனை இழந்தவளுக்கு ஊர் கூடி நிற்க, பிறந்த வீட்டு ஆண் ஒருவன் வந்து தோளில் கோடித்துணி போடுவான். அன்றோடு அவள் பொட்டு போகும், பூ போகும். வீராசாமி அண்ணன் செய்தது ஒன்று குறையாமல் அதேதான். ஊர் கூடியிருந்தது, அண்ணன் முறையில் ஓர் ஆண் வந்தான், தோளில் வெள்ளைத் துணி விழுந்தது. செல்லாயி அக்கா ஒரு கணம் அந்தத் துணியைப் பார்த்தார். அப்புறம் அவர் அலறிய அலறல் இருக்கிறதே, அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. சயாமிலிருந்து சேதி வந்துவிட்டது, அதை இப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். உள்ளே இருந்த ஒவ்வொருத்தியும் தன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

என் கோபம்தான் உனக்குத் தெரியுமே. சாக்கோடு வெளியே வந்துவிட்டேன். தொடை தெரிந்ததோ என்னவோ, அப்போது எதுவும் நினைவில் இல்லை. அந்த வேட்டியைச் செல்லாயி அக்கா தோளிலிருந்து பிடுங்கிச் செம்மண் சேற்றில் எறிந்தேன். "எம் புருசன் செத்துட்டாருன்னு ஒங்களுக்கு எவன் சொன்னான்? வந்துருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு! வருவாரு!" என்று கத்தினேன். வீராசாமி அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது என்னம்மா அக்கிரமம்? கட்டிக்கத் துணியில்லன்னு கெடக்கிறீங்க. பொட்டிக்கடியில வச்சிருந்தத உருவிக் கொண்டாந்து குடுத்தா சேத்துல எறியிறீங்க! வேற துணிக்கு நான் எங்க போவேன்? ஜப்பான்காரன்கிட்ட பட்டுச்சேல கேக்கவா?" என்றார். அவருடைய கல்யாண வேட்டிதான் சேற்றில் கிடந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எறிந்திருப்பேன். எறிந்ததற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

அப்போது ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் பாப்பம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, "ஏண்ணே, பொம்பளைக்குத் துணி சேத்தியே, ஒரு பொம்பளையக் கேட்டியா? இந்த வெள்ளையக் கட்டிக்கிட்டு நாளைக்குப் பெரட்டுல நின்னா, எம் புருசன் செத்துட்டான்னு அவளே ஊருக்குச் சொன்ன மாதிரிதான? நீ வேட்டி குடுக்கலண்ணே. அவ தாலியக் கேட்டுட்ட" என்றார். வீராசாமி அண்ணன் சேற்றில் கிடந்த வேட்டியையும் செல்லாயி அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். கூடைக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் பெட்டியில் இருந்த நல்ல துணியைக் கேட்டார், ஆண்களின் நல்ல துணி வெள்ளைதான், வேறு எப்படி இருக்கும்? இத்தனை ஆண்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

பாப்பம்மா அக்கா நேரே உள்ளே வந்தார். எங்கள் நடுவில் உட்கார்ந்து, "ஒங்களுக்கு என்னதாம்மா வேணும்? வாயத் தொறந்து சொல்லுங்க" என்றார். தம்பி, செர்டாங்கிலிருந்து புறப்பட்ட நாள் தொட்டு யாரும் எங்களிடம் இதைக் கேட்டதில்லை. இங்கே போ, அங்கே படு, இதைத் தின்னு என்றுதான் சொன்னார்கள். கேட்டதும் எங்களுக்கு முதலில் அழுகைதான் வந்தது. கடைசியில் செல்லாயி அக்கா, "என்ன கலரா இருந்தாலும் சரி தாயி. வெள்ள மட்டும் வேணாம்" என்றார். கலருக்கு எங்கே போவது என்று பாப்பம்மா அக்கா யோசித்தார். நான் கழுத்துக் கயிற்றை அதுவரை விடாமல் பிடித்திருந்தேன். வியர்வையில் கையெல்லாம் மஞ்சளாகியிருந்தது. அந்தக் கையை அவரிடம் நீட்டிக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு வெளியே லயத்துக் கொல்லைப் பக்கம் பார்த்தார். எல்லா வீட்டுக் குசினிக்குப் பின்னாலும் மஞ்சள் செடி நின்றது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வசூல். முன்னே வேட்டிக் கூடை வந்தபோது, கொடுக்க வேட்டியில்லாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்களாம். இப்போது அந்த வீடுகள்தான் முதலில் திறந்தன. மஞ்சள் யார் வீட்டில்தான் இல்லை? ஆணும் பெண்ணும் கொல்லையில் இறங்கி மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்க்கார அம்மா ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து இறக்கினார். மஞ்சளும் இல்லாதவர் விறகு சுமந்தார், தண்ணீர் சுமந்தார். பெண்கள் உரலைச் சுற்றி நின்று இடித்தார்கள். வீராசாமி அண்ணன் எழுந்தார், மூக்கைச் சிந்தினார், ஸ்டோர்ச் சாவியை எடுத்தார். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் தொட்டியைக் கழுவிவிட்டு அதில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, வேட்டிகளைப் போட்டு, பால் கலக்கும் கட்டையாலேயே அவர் கலக்கினார். சேற்றில் கிடந்த வேட்டியைத் தானே அலசிக் கொண்டுவந்து போட்டார். பிழிவதற்கு ஷீட் உருட்டும் மிஷினில் கொடுத்தார்கள். நாலு பேர் கைப்பிடியைச் சுற்ற, மஞ்சள் துணி இந்தப் பக்கம் உள்ளே போய், அந்தப் பக்கம் ரப்பர் ஷீட்டில் விழுமே கோடு கோடாக, அதே கோடுகளோடு வெளியே வந்தது. செல்லாயி அக்கா தன் துணியின் ஓரத்தை மட்டும் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கினார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும்? சிவப்புக் கரை வந்துவிட்டது. அழுது வீங்கின முகத்தோடு அதைப் பார்த்துச் சிரித்தார்.

காயப்போட இடம் எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. ஷீட் தொங்க வேண்டிய மூங்கில் கழிகளில் வேட்டிகளைத் தொங்கவிட்டு, கீழே மெல்லப் புகை போட்டார்கள். புகைக்கூடம் முழுக்க மஞ்சளாக இருந்தது. கிராணி வந்து எட்டிப் பார்த்தார். ஸ்டோர்ச் சாமானைத் தொடக் கூடாது என்பது சட்டம். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்னாசி நாரை நூலாகத் திரித்து இரண்டிரண்டாக இணைத்துத் தைத்தோம். ஊரில் நூலும் கிடையாது அப்போது. பிரித்துக்கொள்ளும்போது, மடிப்பில் லேசாகச் சேற்றுக் கறை தங்கியிருந்த வேட்டியை நானே கேட்டு எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் நாங்கள் எல்லாரும் நின்றோம். துரை எங்களைப் பார்த்துவிட்டு, இதென்ன எல்லாரும் ஒரே நிறம் என்று கேட்டிருக்கிறார். கிராணி கொஞ்சமும் யோசிக்காமல், மாரியம்மனுக்கு வேண்டுதல், மஞ்சள்தான் கட்டுவார்கள் என்று சொல்லிவிட்டார். பொய் என்று சொல்ல முடியாது, வேண்டிக்கொண்டுதான் நின்றோம். துரை தலையாட்டினார். பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் பேரைக் கூப்பிட்டபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற பெண் திடுக்கிட்டுப் போனாள். அன்றைக்குக் கிழங்கும் அரிசியும் கிடைத்தன. லயத்தில் ஆளுக்குப் பாதி அறையும் கிடைத்தது.

இதோடு கதை முடிந்தது என்றால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். மஞ்சள் சாயம் வெயிலில் நிற்காது. மரவள்ளிக் காட்டில் நின்று வேலை செய்யச் செய்ய, துணி வெளுத்துக்கொண்டே வரும். வெளுத்தால் மறுபடி முக்குவோம். பாப்பம்மா அக்கா எங்களுக்கென்றே கொல்லையில் மஞ்சள் வைத்திருந்தார். கேள்வி கேட்காமல் கொடுப்பார். மாதங்கள் போயின. சயாமிலிருந்து தப்பி வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேதி கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் கெட்ட சேதிதான். ஒருநாள் செல்லாயி அக்காவின் புருசனை அடக்கம் பண்ணின ஆளே வந்து சொன்னார். செல்லாயி அக்கா அழுதார். ஆனால் யாரும் வந்து அவர் தோளில் எதுவும் போடவில்லை. அவர் முக்குவதை மட்டும் நிறுத்திவிட்டார். வாரம் ஆக ஆக மஞ்சள் குறைந்தது, சிவப்புக் கரை மங்கியது, எந்த நாளில் அது வெள்ளையானது என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியாது. வீராசாமி அண்ணன் அவரைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லா இருக்கியா தங்கச்சி?" என்று கேட்பார். வீட்டில் கிழங்கு அவித்தால் ஒரு பங்கு அவருக்கும் போகும். தன் புருசன் இல்லை என்பதை எப்போது ஒத்துக்கொள்வது என்று செல்லாயி அக்காவே முடிவு செய்தார். அவர் கையை விட்டு அந்த முடிவை யாரும் பறிக்கவில்லை.

ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகும் உன் அப்பாவைப் பற்றி நல்லதாகவும் கெட்டதாகவும் ஒரு சேதியும் வரவில்லை. சில வாரங்களாக நான் துணியை முக்கவில்லை. மழை, வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். மனசு விட்டுப் போய்விட்டதா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளப் பயமாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான், கொத்திக்கொண்டிருந்த என் எதிரே எலும்பும் தோலுமாக ஓர் ஆள் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றான். செர்டாங்கில் கேட்டு, வழியெல்லாம் கேட்டு, நொண்டி நொண்டி வந்திருக்கிறான். காலில் இன்றைக்கும் குழியாக இருக்கிறதே, அந்தப் புண்ணில் இலையை வைத்துக் கட்டியிருந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தார் உன் அப்பா. கண் துணியிலேயே நின்றது.

"என்ன புள்ள இது, வெள்ளையக் கட்டியிருக்க? யாரு போய்ட்டா?"

"யாரும் போகல. சாயந்தான் போச்சு" என்றேன். மரவள்ளிச் செடிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரும் கம்பைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம், "கோழி எங்க?" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். மறுநாள் பாப்பம்மா அக்கா கேட்காமலே மஞ்சளை இடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று முக்கியெடுத்தபோது இருந்த அளவுக்கு அந்தத் துணி அதற்கு முன்னும் பின்னும் மஞ்சளாக இருந்ததில்லை.

நீ பிறந்தபோது தொட்டில் கட்ட வீட்டில் அதைத் தவிர மெத்தென்ற துணி வேறு இல்லை. விட்டத்தில் கயிறு போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தவர் வீராசாமி அண்ணன். முடிச்சை இழுத்துப் பார்க்கும்போது கரையைத் தடவினார், கறையையும் பார்த்துவிட்டார். "இது எங் கல்யாண வேட்டிதான தங்கச்சி?" என்றார். ஆமாண்ணே என்றேன். உன்னைத் தூக்கி அதில் போட்டு ஆட்டிவிட்டார். சட்டை கிழிந்ததற்குப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தவன் நீ. உன் முதல் துணி தர்மத் துணி என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். வெட்கப்பட அதில் எதுவும் இல்லை.

ஆகையால் இந்த அம்மாவுக்காக ஒன்று செய். கேண்டீன் கூட்டத்தையும் படம் எடுப்பதையும் மேனேஜரிடம் பேசி நிறுத்து. கெட்டிக்காரன் நீ, அவர் மனம் நோகாமல் பேச உனக்குத் தெரியும். அவரும் நல்லது செய்யத்தான் நினைக்கிறார், வீராசாமி அண்ணனைப் போல. அப்புறம் பெட்டியில்லாமல், வெறுங்கையோடு, அந்த மக்கள் இருக்கிற இடத்துக்குப் போ. உன் பெண்டாட்டியையும் கூட்டிப் போ, நீ கேட்டால் சொல்லாததைப் பெண்கள் அவளிடம் சொல்வார்கள். கடல் தாண்டி வந்தவர்கள் ஊரில் எந்த நிறம் எதற்கு, யார் எதைத் தொட மாட்டார்கள், யார் யாரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாஷை தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேள். உடனே பதில் வராது. எழுந்து வந்துவிடாதே. யாராவது ஒருத்தி வாய் திறப்பாள். அவள் கேட்பது சேலையாக இருக்காது, உன் பெட்டியில் உள்ள எதுவாகவும் இருக்காது. அதைத் தேடிக் கொடு. உங்கள் ஆலையில் கொடுக்க வேட்டி இல்லாதவனிடமும் அது இருக்கும், அன்று மஞ்சள் இருந்ததுபோல.

உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டு, இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கோழி விஷயத்தை எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வா, உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். அலமாரியின் மேல் தட்டில் நன்றாக வெளுத்துப்போன துணி ஒன்று மடித்து இருக்கும், அதை மட்டும் கேட்காதே. மற்றதில் எது வேண்டுமானாலும் தருகிறேன், பட்டாக இருந்தாலும் சரி. ஆனால் வாய் திறந்த அந்த ஒருத்தி என்ன கேட்டாள் என்று முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

உன் அம்மா